ஆமாவா, இல்லையா?

அந்த நீலப் பெட்டி எங்கள் வீட்டில் வந்து இறங்கிய ஞாயிற்றுக்கிழமை, என் மனைவி கேட்ட முதல் கேள்வி: "ஏங்க, இது எத்தனை கிலோ இருக்கும்?"

அக்கறையில் கேட்ட கேள்வி இல்லை. எங்கள் தெருவுக்கு வரும் பழைய பேப்பர்காரர் இரும்புக்கு என்ன ரேட், பிளாஸ்டிக்குக்கு என்ன ரேட் தருகிறார் என்பது அவளுக்கு மனப்பாடம்.

"இது கம்ப்யூட்டர்" என்றேன்.

"எந்தக் காலத்துல?"

நியாயமான கேள்விதான். பெட்டியின் பெயர் இண்டி. சிலிக்கான் கிராஃபிக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி 1993-ல் வெளியிட்டது. இரண்டு பீட்சா பெட்டிகளை அடுக்கிய மாதிரி உடம்பு. தலையில் ஒரு குட்டிக் கேமரா. இன்றைக்கு லேப்டாப்புகளில் கேமரா இருப்பதை யாரும் கவனிப்பதுகூட இல்லை. டிஜிட்டல் வீடியோ கேமராவோடு சேர்த்தே விற்கப்பட்ட முதல் கம்ப்யூட்டர் என்ற பெருமை இந்த நீலப் பெட்டிக்கு உண்டு. ஆரம்ப விலை 4,995 டாலர். அதுவும் ஹார்ட் டிஸ்க் இல்லாமல்! கல்யாணத்துக்கு மண்டபம் மட்டும் வாடகைக்குத் தந்து, நாற்காலிக்குத் தனி சார்ஜ் வாங்கும் கதை.

பெட்டியை அனுப்பியவர் அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை, கூட வேலை பார்த்தவர். முந்தின நாள் ராத்திரி போன் செய்திருந்தார்.

"தம்பி, வர்ற ஆவணியில பாப்பாவுக்குக் கல்யாணம். ரிசப்ஷன்ல அந்தக் காக்கா படத்தைப் போடணும்னு ஆசைப்படுறா. வீடியோ கேசட் பூஞ்சை புடிச்சுப் போச்சு. ஒரிஜினல் அந்த இண்டிலதான் இருக்கு. ஆன் பண்ணா விளக்கு எரியுது, திரையில ஒண்ணும் வரல. யூனிக்ஸ் தெரிஞ்ச ஆளு எனக்கு நீ ஒருத்தன்தான்."

"அனுப்புங்கண்ணே, பார்த்துடலாம்" என்றேன். போனை வைத்த பிறகு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்ல 26 வருஷம் பின்னால் போக வேண்டும்.

1996-ல் பி.எஸ்ஸி பிசிக்ஸ் முடித்துவிட்டு, சென்னையில் ஒரு விளம்பரப் பட ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன். இன்டர்வியூவில் முதலாளி, "கம்ப்யூட்டர் தெரியுமா?" என்றார். "தெரியும் சார்" என்றேன். பார்த்திருக்கிறேன், அந்த அர்த்தத்தில். மாதம் 2,200 ரூபாய் சம்பளத்தில், சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்துவிட்டார்கள். கார்டைப் பார்த்து எங்கப்பா, "சிஸ்டர் யாரு?" என்று கேட்டார்.

அந்த ஆபீஸின் தெய்வம் இந்த இண்டிதான். ஏ.சி. அறை அதற்கு, ஃபேன் எங்களுக்கு. அதன் பூசாரி அண்ணன். 1993-ல் வந்த 'ஜுராசிக் பார்க்' படத்தின் டைனோசர்கள் சிலிக்கான் கிராஃபிக்ஸ் கம்ப்யூட்டர்களில் உருவானவை என்று தெரிந்ததும், எங்கள் பெட்டிக்கு ஒரு ஊதுபத்தி ஏற்றலாமா என்றுகூட யோசித்தோம். அந்தப் படத்தில் ஒரு சிறுமி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஃபைல்களுக்கு மேலே பறந்து பறந்து தேடுவாளே, ஞாபகமிருக்கிறதா? அது சினிமா ரீல் இல்லை. எஃப்எஸ்என் என்ற பெயரில் அந்தக் கம்பெனி நிஜமாகவே தந்த புரோகிராம். டைனோசர்தான் பொய்.

1998-ல் ஊறுகாய் விளம்பரம் ஒன்று. இருபது விநாடி. ஒரு மாங்காய் பரதநாட்டியம் ஆட வேண்டும். டி.வி.க்கு விநாடிக்கு 25 படம், ஆக மொத்தம் 500 படங்கள். ஒரு படத்தை வரைந்து முடிக்க மெஷின் பத்து நிமிஷம் எடுத்துக்கொள்ளும். மூன்று வாரம் உட்கார்ந்து மாங்காய்க்கு அபிநயம் பிடிக்க வைத்திருந்தார் அண்ணன்.

ஒரு வெள்ளிக்கிழமை. அண்ணி நிறைமாதம், செக்கப்புக்கு அழைத்துப் போக அண்ணன் லீவு. மத்தியானம் கரண்ட் போனது. யு.பி.எஸ். சும்மா பெயருக்குத்தான் இருந்தது. கரண்ட் வந்ததும் இண்டி எழுந்திருக்க மறுத்தது. முதலாளி ஊரில் இல்லை. விசிட்டிங் கார்டு வைத்திருப்பவன் நான். காட்டலாம் நம்ம திறமையை என்று இன்ஸ்டலேஷன் சி.டி.யைப் போட்டேன்.

திரையில் ஒரு கேள்வி வந்தது. புதிதாக ஃபைல் சிஸ்டம் உருவாக்கவா? எஸ், நோ, எஸ்ஹெச், ஹெல்ப் என்று நாலு பதில்கள்.

சார், உங்களையே கேட்கிறேன். 'எஸ்'ஸா, 'நோ'வா என்று கேட்கும் ஸ்கிரீனை ஆபீஸில் எத்தனை தடவை படித்துப் பார்த்திருக்கிறீர்கள்? 'எஸ்' கொடுத்தால் அடுத்த ஸ்கிரீன் வரும். நமக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் சயின்ஸ் அவ்வளவுதானே! 'எஸ்' அடித்தேன்.

பாவம், அந்த மெஷின் நல்ல மெஷின். இன்னொரு தடவை கேட்டது. இந்தப் பகுதியில் இருக்கும் எல்லாம் அழிந்துவிடும், நிச்சயமா? சும்மா என்டர் தட்டினால் 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளும்படி வேறு வைத்திருந்தார்கள். நான் வேலை மெனக்கெட்டு 'ஒய்' அடித்தேன்.

மாங்காய் போயே போய்விட்டது.

திங்கட்கிழமை முதலாளியிடம், "டிஸ்க் கிராஷ் சார்" என்றேன். அந்தக் காலத்தில் டிஸ்க் கிராஷ் என்பது காய்ச்சல் மாதிரி. யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் முதலாளிக்கு யாரையாவது குறை சொல்லியாக வேண்டும். "பேக்கப் எங்கே?" என்று அண்ணன் பக்கம் திரும்பினார். டேப்பில் இருந்தது மூன்று வாரம் பழசு. எல்லோர் முன்னாலும் ஒரு கால் மணி நேரம் கத்தினார். அண்ணன் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். நான் பக்கத்தில் நின்று கேபிள் சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஒன்பது ராத்திரி ஆபீஸிலேயே கிடந்து மாங்காயைத் திரும்ப ஆடவைத்தார். அந்த ஒன்பதில் ஒரு ராத்திரிதான் பாப்பா பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது எடுத்துக் கொடுத்தது நான். "பொண்ணுடா தம்பி" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, மறுபடியும் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தார். காலையில்தான் குழந்தையைப் பார்க்கப் போனார்.

நான் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அப்புறமும் சொல்லவில்லை. இந்த மாதிரி விஷயத்தை முதல் நாள் சொல்லாவிட்டால், இரண்டாம் நாள் சொல்வது இரட்டிப்புக் கஷ்டம். 26 வருஷத்துக்கு வட்டி போட்டுப் பாருங்கள்.

2000-ல் ஆபீஸ் முழுக்க சாதா பி.சி.க்கு மாறியது. இண்டியை அண்ணன் அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டு போனார். சாப்பிட அடம்பிடிக்கும் இரண்டு வயதுப் பாப்பாவுக்காக, ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஒரு காக்கா படம் செய்தார். நாற்பது விநாடி. 1,000 படங்கள்.

அதே பெட்டிதான் இப்போது என் வீட்டு டைனிங் டேபிளில்.

முதல் காரியமாக மெஷினை ஆன் செய்யவில்லை. ஸ்குரூடிரைவர் எடுத்து ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்தேன். 2 ஜிபி. உங்கள் போனில் குட்மார்னிங் மெசேஜ்களே அதைவிட அதிக இடம் அடைத்திருக்கும். துணியில் சுற்றி, பீரோவில் மனைவியின் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் வைத்தேன். டிஸ்க் இல்லாமலேயே இந்த மெஷின் கண் விழித்து, மெனு காட்டும் வரை வரும். அதற்கான குட்டிப் புரோகிராம் போர்டிலேயே ஒரு சிப்பில் இருக்கிறது. முதலில் நோயாளி, அப்புறம்தான் நகை.

ஆன் செய்தேன். ஃபேன் சுற்றியது. விளக்கு எரிந்தது. திரை கறுப்பு.

இங்கேதான் நம் ஆட்கள் எல்லோரும் செய்யும் தப்பு. திரை கறுப்பு என்றால் கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவோம். பேச முடியாதவன் எல்லாம் பிணமா? இந்த மாதிரி யூனிக்ஸ் மெஷின்களுக்கு இன்னொரு வாய் உண்டு, சீரியல் போர்ட். கீ-போர்டைப் பிடுங்கிவிட்டு ஆன் செய்தால், ஓ, முன்னால் யாரும் உட்காரவில்லை போலிருக்கிறது என்று அது சீரியல் போர்ட் வழியாகப் பேச ஆரம்பித்துவிடும். வட்டமான எட்டு முள் கனெக்டர், பழைய ஆப்பிள் மெக்கில் இருந்த அதே வகை. அதை லேப்டாப்புடன் இணைத்து, 9,600 வேகம் வைத்து, கீ-போர்டைப் பிடுங்கிவிட்டு ஆன் செய்தேன்.

வரி வரியாக எழுத்து வந்தது. உயிர் இருக்கிறது!

உன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று கேட்க ஒரு கட்டளை உண்டு, ஹெச்இன்வி. அடித்தேன். பிராசஸர் உண்டு, மெமரி உண்டு, ஆடியோ உண்டு என்று பட்டியல் வந்தது. கிராஃபிக்ஸ் போர்டு என்ற வரி மட்டும் இல்லை. அதாவது, தனக்குக் கண்காட்சி போர்டு ஒன்று இருப்பதே அதற்குத் தெரியவில்லை.

திறந்து பார்த்தால், மதர் போர்டின் மேல் கனெக்டரில் அமர்ந்திருக்க வேண்டிய கிராஃபிக்ஸ் போர்டு, ஒரு ஓரம் மட்டும் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. இருபத்துச் சொச்சம் வருஷத்தில் அண்ணன் எத்தனை வாடகை வீடு மாறியிருப்பார்! ஒவ்வொரு டெம்போவும் ஒரு குலுக்கு. போதாததற்கு கனெக்டரில் கடல்காற்றின் பாசம். கையில் ஸ்டாட்டிக் கரண்ட் இல்லாமலிருக்க எர்த் கம்பியைத் தொட்டுக்கொண்டு, போர்டை நேராகத் தூக்கி எடுத்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, காயவிட்டு, நாலு மூலையும் சமமாக அழுத்தி உட்காரவைத்தேன்.

மறுபடி ஹெச்இன்வி. 'கிராஃபிக்ஸ் போர்டு: இண்டி 24-பிட்'. கைதட்டலாம் போலிருந்தது.

கீ-போர்டைச் செருகி, மானிட்டரை மாட்டி ஆன் செய்தேன். அதே கறுப்பு!

அடுத்த ஒரு வாரம் மானிட்டர் புராணம். இண்டியின் பின்னால் இருப்பது நம்ம வி.ஜி.ஏ. இல்லை. 13டபிள்யூ3 என்று ஒரு ராட்சசப் பல்வரிசை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக்காரர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது ஏரோப்ளேனுதா?" என்றார். ஆன்லைனில் ஒரு அடாப்டர் வரவழைத்தேன். மாட்டினால் சரியாகப் பொருந்துகிறது. படம் இல்லை. விசாரித்தால், அதே பல்வரிசையை சன் கம்பெனி மெஷின்களும் வைத்திருந்தன, ஆனால் எந்தக் கம்பியில் எது என்பது வேறு. என்னிடம் வந்தது சன் வகை. ஒரே மாதிரி தாலி, வேற வேற மாப்பிள்ளை.

சரியான அடாப்டர் வந்தது. மானிட்டர் 'நோ சிக்னல்' என்றது.

இதற்குக் காரணம் கொஞ்சம் ரசமானது. கச்சேரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பாடகர்கள். எந்த இடத்தில் வரி முடிகிறது, எங்கே புது வரி ஆரம்பம் என்று சொல்ல ஒரு தாளம் வேண்டும். நம்ம சாதா பி.சி.யில் தாளம் போடத் தனியாக ஆள் உண்டு. அந்தக் கால ஒர்க் ஸ்டேஷன்களில் பச்சைப் பாடகரே பாடிக்கொண்டே தொடையில் தாளம் போடுவார். 'சிங்க் ஆன் கிரீன்' என்று பெயர். இன்றைய எல்.சி.டி. பலதுக்கும் இது புரியாது. தாளக்காரர் வரவில்லையே என்று கச்சேரியையே ரத்து செய்துவிடும்.

ஆபீஸ் ஸ்டோர் ரூமில் தூசி தட்டி, நாலு பழைய மானிட்டர்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தேன். செக்யூரிட்டி என்னைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார். நாலாவது மானிட்டருக்குப் பச்சைத் தாளம் புரிந்தது. டிங் என்று ஒரு சின்ன இசையோடு, 1,280-க்கு 1,024 புள்ளியில் முகம் காட்டியது இண்டி.

"ஏங்க, நல்லாத்தான் இருக்கு" என்றாள் மனைவி. பேப்பர்காரர் அத்தியாயம் முடிந்தது.

இனி டிஸ்க். பழைய ஸ்கஸி கார்டு ஒன்றை ஒரு பி.சி.யில் மாட்டி, டிஸ்க்கை அப்படியே ஒரு பிரதி எடுத்தேன். படிக்க முடியாத இடங்களைத் திரும்பத் திரும்ப முயற்சி செய்யும் புரோகிராம், ராத்திரி முழுக்க ஓடியது. டிஸ்க் கீச்சுக் கீச்சென்று காக்கா மாதிரியே கத்தியது. காலையில் பார்த்தால் கிட்டத்தட்ட முழுசும் வந்துவிட்டது. சில இடங்கள் மட்டும் ஓட்டை. ஒரிஜினல் டிஸ்க் மறுபடியும் பட்டுப்புடவைக்குள் போய்விட்டது. அதன் மேல் கை வைக்கப்போவதில்லை என்று தீர்மானம். 26 வருஷத்தில் நான் கற்ற ஒரே கம்ப்யூட்டர் பாடம் இது: எதைச் செய்வதாக இருந்தாலும் பிரதியில் செய்.

குறுக்கு வழி ஒன்று பார்த்தேன். இந்த டிஸ்க்கில் இருப்பது எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம். சிலிக்கான் கிராஃபிக்ஸ் செய்தது, பிறகு லினக்ஸுக்கும் வந்து இன்றும் சர்வர்களில் ஓடுகிறது. லினக்ஸ் லேப்டாப்பிலேயே திறந்துவிடலாமே? முடியாது என்றது. டிஸ்க்கில் இருந்த டைரக்டரி அமைப்பு முதல் பதிப்பு. லினக்ஸுக்குத் தெரிந்தது இரண்டாம் பதிப்புதான். பேரன் இருக்கிறான், ஆனால் தாத்தாவின் கையெழுத்தைப் படிக்கத் தெரியவில்லை. தாத்தாவையே எழுப்ப வேண்டியதுதான்.

எஸ்.டி. கார்டை ஸ்கஸி டிஸ்க் மாதிரி நடிக்கவைக்கும் குட்டி போர்டு இப்போது கிடைக்கிறது. பிரதியை அதில் ஏற்றி இண்டிக்குள் வைத்தேன். கிளப்பினால், கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. ஓட்டைகள் முக்கியமான இடத்தில் விழுந்திருக்கின்றன. இனி இன்ஸ்டலேஷன் சி.டி.தான் வழி.

அதற்கும் ஒரு சோதனை. சாதாரண சி.டி. டிரைவ் 2,048 பைட்டாகக் கவளம் எடுத்துக் கொடுக்கும். இண்டிக்கு 512 பைட்டாக ஊட்ட வேண்டும், குழந்தை மாதிரி. பழைய ஸ்கஸி டிரைவ் ஒன்றின் முதுகில் அதற்கான ஜம்பர் இருந்தது. மாற்றினேன். அப்புறமும் வரவில்லை. கேபிளின் கடைசியில் டெர்மினேட்டர் மாட்ட மறந்திருந்தேன். வரிசையில் கடைசி ஆள் 'இதோட முடிஞ்சது' என்று சொல்லாவிட்டால், சிக்னல் சுவரில் அடித்த பந்து மாதிரி திரும்பி வந்து குழப்பும். மாட்டினேன். மெனுவில் இரண்டாவது வரி, இன்ஸ்டால் சிஸ்டம் சாஃப்ட்வேர். தட்டினேன்.

வீட்டைப் பழுது பார்க்கும்போது திண்ணையில் குடியிருப்பதுபோல, டிஸ்க்கின் ஸ்வாப் பகுதியில் தற்காலிகமாக ஒரு குட்டி யூனிக்ஸை இறக்கும். மினிரூட் என்பார்கள். ஐந்து, பத்து நிமிஷம் ஆகும். ராத்திரி ஒரு மணி. வீட்டில் எல்லோரும் தூக்கம்.

திரையில் அந்தக் கேள்வி வந்தது.

புதிதாக ஃபைல் சிஸ்டம் உருவாக்கவா? எஸ், நோ, எஸ்ஹெச், ஹெல்ப்.

அதே எழுத்து, அதே வெட்டிக் குறுக்கு, அதே மெஷின். இது பிரதிதான், ஒரிஜினல் பீரோவில் பத்திரம் என்று மூளைக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. நடுங்கியது, சார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

1998-ல் நான் பார்க்காமல் விட்டது அந்த மூன்றாவது வாசலை. எஸ்ஹெச் என்றால், எதையும் அழிக்காதே, கதவைத் திற, நான் உள்ளே வந்து பார்க்கிறேன் என்று அர்த்தம். அன்றைக்கே அது அங்கேதான் இருந்தது. படித்திருந்தால் மாங்காய் பிழைத்திருக்கும். அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்திருப்பார்.

எஸ்ஹெச் அடித்தேன். எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேர் புரோகிராமை ஓடவிட்டேன். ஒவ்வொரு கட்டமாக எண்ணிக்கொண்டே போனது. முடிந்தது. ரீஸ்டார்ட் செய்தேன். பழைய ஐரிக்ஸ் லாகின் திரை, பொம்மைகளோடு வந்து நின்றது.

பாஸ்வேர்டு? ராத்திரி ஒன்றே முக்காலுக்கு அண்ணனுக்கு போன். எடுத்தார். கல்யாண வீட்டில் யார் தூங்குகிறார்கள்!

"பாப்பா பேருதான் தம்பி. எட்டு எழுத்துக்கு மேல அது பார்க்காதுல்ல, அதனால கடைசி எழுத்தை விட்டுட்டேன்."

அந்தக் கால யூனிக்ஸ் பாஸ்வேர்டில் முதல் எட்டு எழுத்துக்குத்தான் மதிப்பு. அண்ணனுக்கு அது மறக்கவில்லை. அடித்தேன். திறந்தது.

காக்கா இருந்தது. எண்ணிப் பார்த்தேன். 988 படங்கள் ஒழுங்காக வரிசையில். ஒன்பது படங்கள் பெயரிழந்து, வெறும் எண்களாக, தொலைந்தவர்களுக்கான முகாம் மாதிரி இருக்கும் லாஸ்ட் அண்ட் ஃபவுண்டில் கிடந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து, சிறகு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று பார்த்து அதனதன் இடத்தில் சேர்த்தேன். மூன்று படங்கள் கிடைக்கவே இல்லை. மூன்று படம் என்பது ஒரு விநாடியில் எட்டில் ஒரு பங்குதான். கண் சிமிட்டினால் போச்சு.

கடைசியாக நெட்வொர்க். தன்னுடைய ஈதர்நெட் முகவரியையே மறந்துபோயிருந்தது இண்டி. பேட்டரியோடு சேர்ந்த ஒரு கறுப்பு சிப்பில்தான் அந்த ஞாபகம் இருக்கும். பேட்டரி செத்தால் தன் பேரே தெரியாது. பெட்டியின் முதுகில் ஒட்டிய சீட்டைப் பார்த்து, உன் பேர் இதுதாம்மா என்று டைப் செய்து கொடுத்தேன். கரண்ட் போனால் மறுபடி சொல்லித் தரவேண்டும். விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் காக்கா ஒவ்வொரு சிறகாக என் லேப்டாப்புக்குப் பறந்து வந்து சேர்ந்தபோது, பால்காரர் மணி அடித்தார்.

அந்தக் கம்பெனி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வீடியோ கேம் பிரியர்களுக்கு 1996-ல் வந்த நின்டெண்டோ 64 தெரியும். அதன் கிராஃபிக்ஸ் சிப் இவர்கள் வடிவமைத்ததுதான். அப்படியே சாதா பி.சி.க்கு மலிவான கிராஃபிக்ஸ் கார்டுகள் வந்து, இவர்கள் கோட்டையைத் தின்றுவிட்டன. 2006-ல் ஒரு திவால், 2009-ல் இன்னொன்று. ஐரிக்ஸின் கடைசிப் பதிப்பு 2006-ல் வந்தது. கலிஃபோர்னியாவில் மவுன்டன் வியூ என்ற ஊரில் அவர்கள் ஆசையாகக் கட்டிய வளாகத்தில் 2003-ல் குடியேறியவர்கள் கூகுள். பக்கத்தில் அவர்கள் விட்டுப்போன இன்னொரு கட்டடத்தில் இன்று கம்ப்யூட்டர் மியூசியம் இருக்கிறது. வாழ்ந்த வீடு மியூசியமாவது எல்லோருக்கும் கிடைக்கும் பாக்கியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பென் டிரைவோடு பல்லாவரம் போனேன். டி.வி.யில் செருகினார் பாப்பா. காக்கா பறந்து வந்து, வடையைத் தூக்கி, நடுவழியில் யோசித்து, திரும்பி வந்து குழந்தையின் தட்டிலேயே வைத்துவிட்டுப் போகும். அவ்வளவுதான் கதை. நாற்பது விநாடி. அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போட உள்ளே போனார். பாப்பா மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளைக்கு அனுப்ப போனோடு மாடிக்கு ஓடினாள்.

நானும் அண்ணனும் மட்டும். இப்போது விட்டால் இன்னொரு 26 வருஷம் கிடையாது.

"அண்ணே, ஒரு விஷயம். அந்த ஊறுகாய்ப் படம்... டிஸ்க் கிராஷ் ஆகல. நான்தான் 'எஸ்' அடிச்சு அழிச்சேன். பயத்துல சொல்லல. பாப்பா பொறந்தப்போ நீங்க..."

மேலே பேச வரவில்லை.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். நிதானமாக மாட்டிக்கொண்டார்.

"தெரியும்டா தம்பி. மறுநாள் வந்து பார்த்தேன், டிஸ்க் புத்தம் புதுசா, வெள்ளிக்கிழமை மத்தியானம் தேதி போட்டு இருந்துச்சு. டிஸ்க் தானாவே 'எஸ்'னு டைப் அடிச்சுக்குமா?"

"அப்ப ஏன்ணே முதலாளிகிட்ட சொல்லல?"

"பேக்கப் எடுக்காதது நான்தானே. உன்னையும் மாட்டிவிட்டா மாங்காய் திரும்ப வந்துடுமா? நீயா ஒருநாள் வந்து சொல்லுவேன்னு பார்த்தேன்... லேட்டாயிடுச்சு."

அண்ணி காபி கொண்டு வந்து வைத்தார். நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரிஞ்சுமா அண்ணே இதை என்கிட்டயே கொடுத்தீங்க?"

"வேற யார்கிட்ட கொடுப்பேன்? ஒரு தடவை அழிச்சவன் இன்னொரு தடவை அழிக்க மாட்டான்" என்றார். பிறகு மெல்லச் சாய்ந்து, "மூணு படம் காணலையே, என்னாச்சு?" என்றார்.

எட்டில் ஒரு விநாடி. கண் சிமிட்டாமல் பார்த்திருக்கிறார்.